ஆறாம் பாகத்தில் ஒட்டிய ஒன்று

கடைசி ரப்பர் மரத்தின் சிரட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டு, கத்தியைக் கவுனில் துடைத்துக்கொள்கிறாள் தர்மிளா. பால் சொட்டி அடங்க மூன்று மணி நேரம் ஆகும். மற்றவர்கள் வெற்றிலை போடுவார்கள், போனைத் தடவுவார்கள். இவள் பையிலிருந்து ஒரு தொடர்கதையின் இரண்டாம் பாகத்தை எடுத்து, நேற்று விட்ட வரியிலிருந்து தொடங்குவாள். ஏழு பாகங்களையும் பதினொரு தடவை படித்தாயிற்று. இது பன்னிரண்டாவது. இப்போதும் ஒரு பாகத்தைக்கூடத் தாண்ட மாட்டாள்.

அரநாயக்கப் பக்கத்து ரப்பர் தோட்டம் இது. நான் இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். தர்மிளாவுக்கு முப்பத்தாறு வயது, மூக்குக்கு மேல் கோபம். ஒருநாள் வாய் சும்மா இராமல், "எந்தப் பாகத்த முதல்ல படிச்சா என்ன?" என்று கேட்டுவிட்டேன். "அப்ப நீங்க அஞ்சாம் வகுப்பு முடிச்சிட்டா ஒண்ணாம் வகுப்பு நடத்துறீங்க, டீச்சர்?" என்றாள். அதன் பிறகு ஒரு மாதம் என்னைக் கண்டால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

மாயக்கதைதான். தீயைக் குடிக்கும் குதிரைகள், கடலுக்கடியில் கோட்டை, முகமூடி போட்ட அரசி, அவளை எதிர்த்துப் போரிடும் ஓர் அநாதைப் பெண். ஐந்தாம் பாகத்தின் முடிவில் முகமூடி கழலும். அந்த அரசிதான் அநாதைப் பெண்ணின் தாய். ஆறாம் பாகம் பின்னோக்கிப் போய் அரசியின் இளமையைச் சொல்கிறது. காலக்கணக்குப்படி முதலில் நடந்தது அதுதான். ஆனால் அதை முதலில் படித்தவருக்கு மூன்றாம் அத்தியாயத்திலேயே ரகசியம் உடைந்து எல்லாம் போச்சு.

தர்மிளாவுக்கு அப்படித்தான் போனது. மண்சரிவு வருடம் சனசமூக நிலையத்துக்கு வந்த நிவாரண உடுப்பு மூட்டையில் இந்தப் புத்தகங்களும் இருந்தன. மேலே கிடந்தது ஆறாம் பாகம். "முகமூடி கழல்ற இடத்துல நான் கொட்டாவி விட்டேன் டீச்சர். இனி எத்தன தடவ படிச்சாலும் எனக்கு அது கெடைக்காது. யாராச்சும் ஒருத்தி மொகத்துல அது வர்றதையாவது பாக்கணும்."

அந்த ஒருத்தியாக அவள் பார்த்து வைத்தது, பக்கத்து நிரையில் பால் வெட்டும் விஜயகலாவை. எட்டு வருடம் கெஞ்சியும் திட்டியும், போன மாதம்தான் விஜயகலா, "சரி, படிக்கிறேன்டி" என்றாள். அதற்குள் நிவித்திகலையில் தர்மிளாவின் உறவில் ஒரு சாவு. அட்டை கிழிந்திருந்த முதலாம் பாகத்தைத் தைத்துக் கொடுக்கலாமென்று கையோடு எடுத்துக்கொண்டு போனாள் தர்மிளா. மூன்று நாள் கழித்து வந்தவள் நேரே சனசமூக நிலையத்துக்குப் போனாள். மற்றப் பாகங்கள் இருப்பது அங்கேதான். நானும் அங்கே இருந்தேன்.

பொறுப்பாளர் சசி எல்லாப் புத்தகங்களுக்கும் புது இலக்கம் ஒட்டியிருந்தார். ஆறாம் பாகத்தின் இடம் காலி. பட்டியலின்படி அதற்கு ஒட்டிய இலக்கம் ஒன்று.

"கத நடந்த காலப்படி பிளிவெலயா வச்சிருக்கேன் தானே" என்றார் சசி. ஒழுங்குக்குச் சிங்களத்தில் அந்தச் சொல்.

"படிச்சீங்களா?" என்றாள் தர்மிளா.

"பின்னட்டையப் பாத்தேன்."

தர்மிளா மேசையில் அடித்த அடியில் பேனாக்கள் உருண்டன. "புதுப் பட்டையில மொத வெட்டு ஒரு தடவதான் அண்ணே! கோணலா வெட்டினா கோணல்தான். எந்த மரம், எத்தன மணி, எந்த நாள் லீவு, எல்லாம் ஆபீஸ் சொல்றபடிதான் நடக்குறோம். இது ஒண்ணுதான் எங்க கையில இருந்துச்சு. இதுக்கும் நம்பர் ஒட்டிட்டீங்களே!"

"பொழுதுபோக்குக்குப் படிக்கிறது. அதுக்கு இம்புட்டுச் சண்டையா?" என்றார் சசி. எனக்கே அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. படிக்காத மனிதர் படிப்பவர்களுக்கு வழி வகுத்துக் கொடுப்பதைவிட ஆத்திரமூட்டுவது எது? அந்தப் புத்தகத்தை யார் எடுத்தார்கள் என்று கேட்டேன். "விஜயகலா. ரெண்டு நாளாச்சு" என்றார்.

தர்மிளா மலையேறிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது விஜயகலா மரத்தடியில் எழுந்து நின்றிருந்தாள். மூடிய புத்தகம் அவள் மார்போடு இருந்தது. தர்மிளாவின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்.

"ஒண்ணுன்னு ஒட்டியிருந்துச்சுடி. அதான் எடுத்தேன்."

"எவ்வளவு படிச்ச?"

விஜயகலா என்னைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள். "இப்பதான்... ரெண்டாம் அத்தியாயம்."

தர்மிளா புத்தகத்தைப் பிடுங்கினாள். அடையாளத்துக்கு வைத்த ரப்பர் இலை, கடைசிப் பத்துப் பக்கங்களுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. மூவருமே அதைப் பார்த்தோம். தர்மிளா திட்டப் போகிறாள், புத்தகத்தைக் கிழித்தே போடப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் அந்த இலையை உருவி, பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, இரண்டாம் அத்தியாயத்தில் செருகினாள்.