பூட்டுக்குப் பதில் ஒரு மணிக்காப்பு

தம்பி பூட்டை மேசைமேல் டங்கென்று வைத்தார். சின்னக்கா உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"இந்த மாசத்துல ரெண்டாவது தடவ. நேத்து பெரியக்கா பெட்ரோல் பங்க்குல நின்னுட்டிருந்தா. இனிமே வெளியில பூட்டிர வேண்டியதுதான்."

"உன்ன ஒரு நாள் உள்ள வச்சுப் பூட்டட்டுமா? அப்புறம் பேசு."

"வாயடிக்காத சின்னக்கா. வேற வழி இருந்தா சொல்லு."

"ஒரு வாரம் குடு. அதுக்குள்ள வழி வரலேன்னா நானே பூட்டுறேன்."

வழி என்னவென்று அப்போது அவளுக்கே முழுதாகத் தெரியாது. இருந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. முதியோர் இல்லத்தில் முப்பத்தொரு வருடம் நோயாளிகளைக் குளிப்பாட்டி, புரட்டிப்போட்டு, சோறூட்டி ஓய்வு பெற்றவள். பதறினால் எதிரே இருப்பவரும் பதறுவார் என்பது அந்த வேலையின் முதல் பாடம். ஓய்வுக்குப் பிறகு கை சும்மா இராமல் கம்பியும் மணியும் வாங்கிக் காப்பு முறுக்கக் கற்றுக்கொண்டாள். தெருவில் பாதிப் பெண்களின் கையில் அவள் வேலைதான்.

பெரியக்கா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். இப்போது கிழமை தெரியாது, வீடு தெரியாது, சில நாள் தன் பெயரும் தெரியாது. கால் மட்டும் நன்றாக இருந்தது, அதுதான் தொல்லை. பையில் வைத்த விலாசச் சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்தாள். சட்டைக் கழுத்தில் தைத்த துணியை ஊசியால் பிரித்தாள். ஆஸ்பத்திரி பிளாஸ்டிக் பட்டையைப் பல்லால் கடித்தே எடுத்துவிட்டாள்.

அதில் சின்னக்காவுக்கு ஆச்சரியமே இல்லை. பிறர் மாட்டிவிட்டதைத்தான் கழற்றத் தோன்றும். தானே கேட்டு வாங்கியதை யாரும் எளிதில் விடுவதில்லை.

மறுநாள் காலை மணித்தட்டை ஜன்னலோரம் பரப்பிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வேலையில் உட்கார்ந்தாள். கால் மணி நேரத்தில் பெரியக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"எல்லாருக்கும் பண்றே. எனக்குக் கிடையாதா?"

"வேணும்னா மணி பொறுக்கிக் குடு."

பெரியக்கா பச்சை பொறுக்கினாள். பச்சையைத் தவிர வேறெதையும் தொடவில்லை. சின்னக்கா எண் போட்ட வெள்ளை மணிகளில் தன் கைபேசி எண்ணை எடுத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவில் ஒரு பச்சை வைத்துக் கோத்தாள். கொக்கி வைக்கவில்லை. கொக்கி இருந்தால் பெரியக்கா திறந்துவிடுவாள். அவள் மணிக்கட்டிலேயே சுற்றி, ஒரு விரல் நுழையும் இடம் விட்டு, கம்பியின் இரண்டு முனையையும் முறுக்கினாள். வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு போன்றது. அதனால் முனையைக் குறட்டால் வளைத்துப் பெரிய மணி ஒன்றின் துளைக்குள் செருகிவிட்டாள்.

சாயங்காலம் தம்பி வந்து பெரியக்காவின் கையைப் பிடித்துப் பார்த்து எண்ணை அழுத்தினார். சின்னக்காவின் போன் அடிக்கவில்லை.

"யாரு? டயர் கடையா? மன்னிச்சுக்குங்க." போனை வைத்துவிட்டுச் சிரித்தார். "பெரியக்கா தொலைஞ்சா டயர் கடைக்காரன் கூட்டிட்டு வருவானா?"

சின்னக்கா காப்பைப் பார்த்தாள். தப்பு அவளுடையதுதான். கொக்கியும் இல்லாமல், எண்ணையும் சுற்றிலும் சமமாகப் பரப்பிவிட்டால் அது எங்கே தொடங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? தம்பி நடு எண்ணிலிருந்து ஆரம்பித்திருந்தார்.

"சிரிச்சாச்சா? போய் டீ போடு," என்றாள். முனையை வெட்டிப் பிரித்தாள். இந்தத் தடவை எண்கள் எல்லாவற்றையும் இடைவெளியில்லாமல் ஒரே வரிசையாக முன்பக்கம் வைத்தாள். மணி சுழலாமல் இருக்கத் துளைக்குள் இரட்டைக் கம்பி கொடுத்தாள். பச்சையெல்லாம் பின்பக்கம் போயின. பெரியக்கா பச்சைகளை விரலால் தடவி எண்ணிப் பார்த்து, ஒன்றும் குறையவில்லை என்றதும் கையை நீட்டினாள்.

ஐந்தாம் நாள் சின்னக்கா மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கியபோது கதவு திறந்து கிடந்தது.

தம்பி செருப்புகூடப் போடாமல் ஓடினார். சின்னக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். இரண்டு பேரும் ஓடினால் வீட்டில் யார் இருப்பது? இருபது நிமிடம். முப்பது. காப்பு பெரியக்கா கையில் இருக்கிறதா, தெருவில் கிடக்கிறதா? நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

நாற்பதாவது நிமிடம் போன் அடித்தது.

"அம்மா, மார்க்கெட் முனையில செருப்பு தைக்கிறவன் பேசறேன். இங்க ஒரு அம்மா வந்து என் ஸ்டூல்ல உக்காந்திருக்காங்க. வீடு எதுன்னா தெரியலங்கறாங்க. கையில நம்பர் இருக்கு, ஆனா என் கண்ணாடி ஒடஞ்சு போச்சு. அவங்களே ஒவ்வொரு நம்பரா நிறுத்தி நிறுத்திப் படிச்சாங்க. நான் ஒண்ணு தப்பா அழுத்தினேன், அதுக்குத் திட்டு வேற."

பின்னால் பெரியக்காவின் குரல் கேட்டது. பழைய வேலைக் குரல், துளி நடுக்கம் இல்லை.

"இணைப்புக் கிடைச்சாச்சு. லைன்லயே இருங்க."

"இருக்கேன்," என்றாள் சின்னக்கா. செருப்பை மாட்டிக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே நடந்தாள்.

மறுநாள் தம்பி மேசைமேல் கிடந்த பூட்டை எடுத்துப்போய்த் தன் சைக்கிளுக்குப் போட்டுக்கொண்டார்.