கடைவாய்ப் பல்லும் காதர் மாமாவும்

மும்பை சீத்தா கேம்ப் வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: நம் கல்லி முனை டீக்கடை பெஞ்சின் இடது ஓரம் காலியாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் உட்காரலாம். நான்கு நாளாக ஒருவரும் உட்காரவில்லை. அங்கே உட்காரும் காதர் மாமா இறந்துவிட்டார் என்று வெள்ளிக்கிழமை காலை டீக்கடைக்காரர் சொன்னபோது, "அப்போ இனிமே நிம்மதியா இங்கிலீஷ் பேசலாம்" என்று என் வாயில் வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு என் எரிச்சல் புரியும். முப்பது வருடம் ரேஸ் குதிரைகளைக் குளிப்பாட்டிய மனிதர். அதனால் ஆங்கிலத்தில் குதிரை வருகிற இடமெல்லாம் தன் லாயம் என்று நினைப்பு. டிவியில் யாரையோ 'டார்க் ஹார்ஸ்' என்றார்கள். கறுப்புக் குதிரை என்று நான் சும்மா சொல்லிவைத்தேன். டீ ஆறும்வரை விடவில்லை.

"நெறத்துக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்? எப்படி ஓடும்னு ஒருத்தனுக்கும் தெரியாத குதிரைடா அது. வெள்ளையாக்கூட இருக்கும்."

மேட்சில் 'ஹேண்ட்ஸ் டவுன்', அதாவது சுலபமாக, ஜெயித்தோம் என்று குதித்துக்கொண்டு வந்தால், எத்தனை ரன்னில் என்பார். இரண்டு என்றால் தொலைந்தோம். "கிட்டத்துல ஒருத்தனும் இல்லேன்னாதான் ஜாக்கி கடிவாளத்தைத் தளர விட்டுக் கையை எறக்குவான். ரெண்டு ரன்னுக்கு எறக்குனா கவுந்துருவான்."

நம்பகமான சேதியை 'குதிரை வாயிலிருந்தே வந்தது' என்று இங்கிலீஷில் சொல்கிறார்களே, அதற்கும் அவரிடம் விளக்கம் உண்டு. "விக்கிறவன் வயசைக் கொறச்சுச் சொல்லுவான். வாயைத் திறந்தா பல்லு உண்மையைச் சொல்லிரும்."

"நெட்ல வேற கதை போட்டிருக்கு மாமா."

"நெட்டு எந்தக் குதிரையோட வாயைடா திறந்து பாத்துச்சு?"

பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் கிரிக்கெட் வந்தால் இந்தக் கொடுமை உச்சத்துக்குப் போகும். பள்ளி அட்டையில் உள்ள வயதை நம்பமாட்டார். எங்களை வரிசையில் நிறுத்தி, டார்ச் அடித்து, பல்லைப் பார்ப்பார். அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. கடைசியாக நான் அந்த வரிசையில் நின்ற வருடம் எனக்குப் பதினைந்து. இரண்டு வருடமாக நான் அளந்துவரும் பெருமை உங்களுக்கு மனப்பாடம்: காதர் மாமாவையே ஏமாற்றிப் பல் டெஸ்டில் பாஸானவன் நான், பாழாய்ப்போன காய்ச்சலால்தான் அன்றைக்கு ஆடவில்லை.

காய்ச்சல் வரவில்லை.

என் கடைவாயைப் பார்த்தவர் காதோரம் குனிந்து, "நீயே சொல்லு" என்றார். "பதினஞ்சு" என்றேன். பின்னால் டீம் மொத்தமும் சிரிக்கக் காத்திருந்தது. அவர் டார்ச்சை அணைத்தார். என் நெற்றியில் கை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "பயலுக்குக் கொதிக்குதுப்பா. ஸ்கோர் மட்டும் எழுதட்டும்" என்றார்.

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அவரிடமிருந்து என்னிடம் இருப்பதும் அந்தக் காய்ச்சல்தான்.