வெட்டிய வரியில் அடித்த மணி

இது கதையல்ல, எனக்கு நடந்தது. தலை நரைத்தபின் பொய் சொல்லிப் பெயர் வாங்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. இன்று ஊரெல்லாம் பாடுகிற அந்த ராக் பாட்டில், ‘ஏழு முறை மணியடித்தது, அண்ணன் எடுக்கவில்லை’ என்று ஒரு வரி வருகிறதே, நானே வெட்டச் சொல்லி, பிறகு நானே திரும்பச் சேர்க்கச் சொன்ன வரி, அந்த அண்ணன் நான்தான்.

தம்பி வானொலியில் பாட்டுப் போடுகிறவன். எங்கள் வீட்டுக்கு அது கௌரவக் குறைச்சல். ஆறு வருடம் பேச்சில்லை. சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை, மைக் முன்னாலேயே சாய்ந்துவிட்டான். ‘கடைசியாக என்னிடம்தான் போனில் பேசினான்’ என்று உறவினரிடம் சொல்லிவைத்தேன். அன்று மாலை 4.12-க்கு அவன் அழைத்தது உண்மை. நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

அவன் தூக்கிவிட்ட இசைக்குழு அவன் நினைவாகப் பாட்டுப் போட்டது. அவன் குரலையும் சேர்த்திருந்ததால் என் கையெழுத்துக் கேட்டு வந்தார்கள்.

“இந்த வரி யார் சொன்னது?”

“அவர் உங்களுக்குப் போன் பண்ணினப்போ பக்கத்துல நான்தான் பெரியவரே இருந்தேன். எண்ணினேன்,” என்றான் பாடகன்.

“எண்ணத் தெரிஞ்சா கணக்கு வாத்தியாராப் போ. அந்த வரி இருந்தா கையெழுத்து இல்ல.”

வெட்டினார்கள். அந்த இடத்தில் வெறும் டிரம்ஸ்.

முதல் ஒலிபரப்புக்கு நிலையத்துக்கு அழைத்தார்கள். உடம்பெல்லாம் அசதி. கண்ணாடிக்கு அப்பால் தம்பியின் நாற்காலி காலியாக இருந்தது. 4.10-க்குப் பாட்டு தொடங்கியது.

4.12. டிரம்ஸ் வந்தது. கூடவே...

ட்ரிங்...

“போன் சத்தம் சேர்த்தீங்களா?”

“இல்லையே,” என்றான் பாடகன். அவன் காதில் எதுவும் விழவில்லை.

ட்ரிங்... எங்கள் வீட்டு மணி. முப்பது வருடம் கேட்ட மணி.

எண்ணினேன்.

ஏழு.

வீடு திரும்ப ஆறாகிவிட்டது. செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லை. கல்யாணமாகி வந்து ஒரு மாதமே ஆன மருமகள் எதிரே வந்தாள்.

“கூடத்துல இருக்குற பழைய போன் அடிச்சுது மாமா. நாலு பன்னெண்டு இருக்கும். ஏழு தடவை அடிச்சப்புறம் எடுத்தேன்.”

“யாரு?”

“பேர் சொல்லல. ‘பரவாயில்ல, அண்ணன் எடுக்க மாட்டார்னு தெரியும்’னு சொல்லிட்டு வச்சுட்டாங்க.”

போன் இருந்த மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன்.

தம்பி போன அன்று கத்தரிக்கோலால் நானே வெட்டிய ஒயர்...

அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.