கொம்பக்காவின் விசை

அச்சகத்தில் அவளைக் கொம்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிறமொழிப் பாடப்புத்தகங்களைக் கணினியில் அடிப்பது அவள் வேலை. அந்த மொழிகளில் எழுத்தின் தலைமேல் ஒரு கீற்றோ, சுழியோ, இரண்டு புள்ளியோ ஏறி உட்கார்ந்திருக்கும். எழுத்துக்கே கொம்பு முளைக்க வைக்கிறவள் என்று புத்தகம் தைக்கிற பைண்டர் ஒருநாள் சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது. வம்புக்கு வந்தால் முட்டவும் செய்வாள் என்பதால் பொருத்தமாகவும் இருந்தது.

அங்கே இருந்தது ஒரே கணினி, லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டது. கொம்பு வைத்த எழுத்துகளுக்கு விசைப்பலகையில் தனி இடம் கிடையாது. கம்போஸ் விசை என்று ஒன்றை நாமே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அதைத் தட்டி, ஒற்றை மேற்கோளைத் தட்டி, பிறகு e தட்டினால் é வந்து நிற்கும். பலரும் வலது பக்கத்து விசை ஒன்றை ஒதுக்குவார்கள். அவளால் முடியாது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் சொன்னபடி கேட்கும். மற்றவை காகிதம் வெட்டும் இயந்திரத்தின் அடியில் நசுங்கியவை. அதனால் இடது ஓரத்தில், ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான கேப்ஸ் லாக்கையே கம்போஸாக மாற்றி வைத்திருந்தாள். இடது சுண்டுவிரல் மற்ற விரல்களுக்கும் சேர்த்து உழைத்தது.

சின்னவரின் உயிரும் அந்த விசையில்தான் இருந்தது. அவர் முதலாளியின் தம்பி. மதியம் அவள் சாப்பிடப் போகும்போது உட்கார்ந்து பில் அடிப்பார், முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில். சின்ன எழுத்தில் போட்டால் வாடிக்கையாளர் மதிக்கமாட்டார் என்பது அவர் கட்சி. விசையைப் பழையபடி மாற்றிவிட்டு எழுந்து போவார். திரும்பி வந்து அவள் அடித்தால் é இருக்க வேண்டிய இடத்தில் 'E என்று முறைக்கும். முதலில் பணிவாகச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் பணிவு போய்விட்டது. தினமும் அவர் மாற்ற, இவள் திருப்பி மாற்ற, கடைசியில் சின்னவர் விசை மாற்றும் அமைப்புக்கே கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டார்.

அன்றைக்கு அவள் ஒவ்வொரு எழுத்தையும் பட்டியலில் தேடி, மவுஸால் பொறுக்கிப் போட்டாள். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. பாதிப் பாடம்கூட முடியவில்லை. சாயங்காலம் முதலாளி கூப்பிட்டு, வேலை ஆமையாய் நகர்வதாகத் தம்பி சொல்கிறான், இந்தப் புத்தகத்தை வெளியே கொடுத்துவிடலாம், நீ பழையபடி தாள் மடிக்கப் போ என்றார்.

"மடிக்கிறதுக்கு எந்த விரல் சார் வேணும்?" என்று கேட்டாள்.

முதலாளி மேசைமேல் இருந்த கோந்துப் புட்டியைப் பார்த்தார்.

"அந்த மிஷின் தானா இறங்குதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? என் கை போனப்புறம்தான் சரி பண்ணீங்க. கவனக்குறைவுன்னு என் தலையில கட்டினீங்க. நஷ்டஈடுன்னு கொடுத்தது இந்த நாற்காலி ஒண்ணுதான். இப்ப அதையும் பிடுங்குறீங்க."

"ஒரு பட்டனுக்கு இவ்வளவு பேச்சா?" என்றார் பக்கத்தில் நின்ற சின்னவர் சிரித்துக்கொண்டே.

"அந்த ஒரு பட்டனை விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனசு வரலையே."

பின்கட்டில் அச்சு இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். பைண்டர் ஊசியும் நூலுமாகக் கதவோரம் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் தாள் மடிக்கிற பெண்களும். அவள் கைமேல் அந்த இயந்திரம் இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள். முதலாளி கோந்துப் புட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

"பூட்டை எடுத்துவிடுடா" என்றார் தம்பியிடம்.

சின்னவர் எடுத்துவிட்டார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விசையைத் தன் வழிக்கு மாற்றினாள். அவர் பின்னாலேயே நின்றார்.

"அப்ப நான் பில்லு எப்படி அடிக்கிறது?"

"ஷிஃப்டை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே அடிங்க. உங்களுக்குத்தான் பத்து விரலும் வேலை செய்யுதே."

திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னாள். கோபத்தில் முதல் வரி முழுக்கத் தப்பாக விழுந்தது. அழித்துவிட்டு, விசை அதிர மறுபடி அடித்தாள்.