மூத்த சாமியின் புள்ளை

நானுஓயா ஸ்டேசனில் நிற்கும்போது போன் வந்தது. "சாமி சமாதியாயிட்டாங்க, மாமா." ரயில் வந்து போனது. எனக்கு ஏறத் தோன்றவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொத்மலைப் பக்கத்து எங்கள் மடத்தின் தலைவர் சிவநேசச் சாமி அவர்கள், தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். இளவயதிலேயே மூத்த சாமிக்குச் சீடரானார்கள். மூத்த சாமி கண்மூடுமுன் ஊரறியக் காவித் துணியை இவர்கள் தோளில் போட்டார்கள். ஹட்டனிலிருந்து பட்டிப்பொல வரை சனம் திரண்டிருந்தது, முன்வரிசையில் நான்.

பிறகு மூத்த சாமியின் தம்பி மகன் வந்து, பெரியப்பா மடம் தனக்குத்தான் என்றார். மடம் ரத்தத்தில் இறங்காது, குருவிடமிருந்து சீடருக்கே இறங்கும் என்று நான் சட்டம் சொன்னேன். நான் எட்டாம் வகுப்புத்தான். ஆனாலும் மடச் சட்டத்தில் லோயர்மாரே என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். அவர் கேட்காமல் கோர்ட்டுக்குப் போனார்.

வழக்கு இழுத்த இழுப்பில் சாமிக்குத் தாடி நரைத்தது. நான் சாட்சி சொன்ன அன்று கோர்ட்டே மூச்சுவிடவில்லை. சீடரை நாங்கள் "மூத்த சாமி புள்ளை" என்றுதான் சொல்வோம், அப்படியே சொன்னேன். மொழிபெயர்த்தவர் சிங்களத்தில் "புத்தா", அதாவது பெற்ற மகன், என்றுவிட்டார். எதிர்த்தரப்பு லோயர் பிடித்துக்கொண்டார்: மகன் இருந்தால் மூத்தவர் துறவியே அல்ல, மடம் குடும்பச் சொத்து; தாலி கட்டாமல் பிறந்த மகனுக்குப் பங்கில்லை, தம்பி மகனுக்கே சேரும்.

நீதிபதி சாமியிடம், அப்பா யார் என்று கேட்டார். துறவி பெற்றவரை உரிமை கொண்டாடக் கூடாது. வாய் திறக்காவிட்டால் மடம் போகும். சாமியின் அப்பா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"என்னையப் பெத்தவரு அந்தா இருக்காருங்க," என்றார்கள் சாமி. "அவருக்குக் கொள்ளி வைக்கிற உரிமைய விட்டுட்டுத்தான் இந்தத் துணிய வாங்குனேன்."

மடம் நிலைத்தது. அடுத்த மழைக்கு அப்பா போய்ச்சேர்ந்தார். பாடை மடத்து வாசலைக் கடந்தபோது சாமி கைகட்டி நின்றார்கள். சாமியின் அண்ணன்தான் கொள்ளி வைத்தார். "ஜெயிச்சாச்சு. அசதியா இருக்குப்பா," என்றார்கள் சாமி என்னிடம்.

நேற்று சாமியைக் குழியில் உட்கார வைத்தோம். சாமியிடம் துணி வாங்கிய சீடர் முதல் மண்ணைப் போட்டார். பின்னால் அந்த அண்ணன் வந்தார். இங்கே சொந்தபந்தம் கிடையாது என்று யாரோ தடுத்தார்கள். "அண்ணனா வரலங்க. தோட்டத்து ஆளா வந்தேன்," என்று ஒரு கூடை மண்ணைச் சரித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

போய்ட்டு வாங்க என்றுதான் எனக்கு வாயில் வருகிறது. துறவிக்கு அப்படிச் சொல்லக் கூடாதாம், திரும்பி வரக்கூடாதே.

போங்க சாமி.