இடது பக்கம் கேக்குதா

எனக்குப் பத்து வயதிருக்கும். எனக்கு மூத்தவள், ராத்தாவுக்குக் கல்யாண நிச்சயம் வைத்திருந்த நேரம். சவுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா, உம்மாவின் தம்பி, துணிமணிகளைவிட வயர்களைத்தான் அதிகம் கொண்டுவந்தார். மேலப்பாளையத்து வீட்டின் கூடத்துக்குச் சத்தம் கூட்டும் ஒரு ஆம்ப், மாடி அறைக்கு ஒரு ஆம்ப், அடிச்சத்தத்துக்குத் தனியாக ஒரு சப்-ஊஃபர். எல்லாவற்றையும் ஆட்டிவைக்கச் சின்னதாக ஒரு பிரீ-ஆம்ப்.

"இந்தக் குமிழத் திருகினா வீடு முழுக்க ஒண்ணுபோல ஏறும், ஒண்ணுபோல இறங்கும்" என்றார். விருந்தாளிகளை எங்கே உட்காரவைப்பது என்பதுதான் உம்மாவின் கவலை.

பிரீ-ஆம்பின் முதுகில் சத்தம் வெளியே போக இடதுக்கு ஒரு துளை, வலதுக்கு ஒரு துளை, அவ்வளவுதான். கவட்டைபோலப் பிரியும் வயர்களைச் செருகி மாமா ஒன்றை மூன்றாக்கினார். அலமாரிக்குப் பின்னால் குனிந்து அவர் மாற்றி மாற்றிச் செருக, கூடத்தின் நடுவில் உட்கார்ந்து கேட்டுச் சொல்வது என் வேலை.

"ஏட்டி, இடது பக்கம் கேக்குதா?"

"இல்ல மாமா."

"இப்ப?"

நிச்சயத்துக்கு முந்தின நாள் இருபது தடவையாவது கேட்டிருப்பார். வாசலில் என் கூட்டாளிகள் சைக்கிளோடு நின்றார்கள். இடது ஸ்பீக்கர் ஊமையாகவே இருந்தது. "கேக்குது மாமா, நல்லா கேக்குது" என்றேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"நெசமாவா?"

"ஆமா" என்றேன். ஓடிவிட்டேன்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் மாமா பாட்டைப் போட்டார். இடப்பக்கம் இருந்தவர்கள், "இங்கன ஒண்ணும் கேக்கலையே" என்றார்கள். மாமா குமிழைத் திருகினார். சப்-ஊஃபர் குமுறி, சர்பத் கிளாஸ்கள் அதிர்ந்தன. இன்னும் திருகினார். வலது ஸ்பீக்கர் கரகரவென்று கிழிந்து நின்றது.

"மிசினுக்கு ஒரு காது செவிடுபோல" என்றார் மாப்பிள்ளையின் சாச்சா, அவருடைய தகப்பனாரின் தம்பி. கூடமே சிரித்தது. மாமாவும் சிரித்தார், சற்றுத் தாமதமாக.

பிறகு என்னிடம், "கேக்குதுன்னு சொன்னியேட்டி" என்றார் மெதுவாக.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அப்ப கேட்டுச்சு. பொறகு மாமாதான் எதையோ புடுங்கிட்டாவ" என்றேன்.

"ஆமா, நான்தான் புடுங்கிட்டேன்போல" என்றார் மாமா.

அன்று சாயந்திரமே எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் கட்டினார். பிறகு எத்தனையோ விடுமுறைகளுக்கு வந்தார். அந்தப் பெட்டியைப் பிரிக்கவில்லை.

நான் கல்லூரியில் படிக்கும்போது மாமி அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஜெனரேட்டர் அறையில் வேலைபார்த்தே இடது காது என்றைக்கோ போய்விட்டதாம். ஒரே காதால் கேட்பவருக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று பிடிபடாதாம். அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மதியம் என் பக்கத்தில் நின்றபோது அவருக்கு இருந்தது ஒரே சந்தேகம்: பழுது வயரிலா, தன் காதிலா? வயரில்தான் என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். நான் 'நல்லா கேக்குது' என்று சொல்லி, பழுது அவர் காதில்தான் என்று ஆக்கிவிட்டு ஓடியிருக்கிறேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், உம்மாவிடம் அடி வாங்காமல் தப்பித்தேன் என்பது மட்டும்தான்.