அப்பாவின் செவியும் என் கடிதமும்

பனி விழுந்த காலையில் இந்த ரஷ்ய ஊரில் சத்தமே இருக்காது. பஸ் போவது தெரியும், கேட்காது. வந்த புதிதில் ஜன்னலோரம் நின்று, காது அடைத்துவிட்டதோ என்று பயந்து கையைத் தட்டிப் பார்த்திருக்கிறேன். அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் பிறந்தவனுக்கு நிசப்தம் பழக்கமில்லை. எங்கள் பக்கம் தொழிற்பேட்டை ஓய்ந்தால் ஏதோ கெட்டது நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

எண்பதுகளின் நடுவில் உதவித்தொகையில் மருத்துவம் படிக்க வந்தேன். முதல் வருடமே ‘பியோஃபீஸிகா’ என்றொரு பாடம். ரத்தத்தின் அழுத்தம், நரம்பில் ஓடும் மின்சாரம், காதில் விழும் ஒலியலை என்று உடம்பை இயற்பியலாகப் படிப்பது. பாடம் நடத்திய நீனா பெத்ரோவ்னா, அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். “பிரஸ்ஸில்” என்றேன், அரைகுறை ரஷ்ய மொழியில். “ஓ, பத்திரிகையாளரா!” என்று மகிழ்ந்துபோனார். என் அப்பா ஒரு பட்டறையில் இரும்புத் தகட்டை வெட்டும் பவர் பிரஸ்ஸில் நிற்பவர். திருத்திச் சொல்ல அன்று வார்த்தை வரவில்லை. வார்த்தை வந்த பிறகு மனம் வரவில்லை.

ஒருநாள் செவித்திறன் அளக்கும் பயிற்சி. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். வரைபடத்தில் என் கோடு நேராக வந்தது. பிறகு நீனா பெத்ரோவ்னா ஒரு பழைய வரைபடத்தைக் காட்டினார். சம்மட்டித் தொழிலாளி ஒருவருடையது. நாலாயிரம் ஹெர்ட்ஸில் கோடு பள்ளத்தில் விழுந்து கிடந்தது. “இவருக்குப் பேச்சு கேட்கும், என்ன சொல்கிறார்கள் என்று பிரித்தறிய முடியாது. காதுக்குள் செத்துப்போன செல்கள் திரும்ப முளைக்காது. இப்படிப்பட்டவரை வீட்டிலேயே முட்டாள் என்று நினைப்பார்கள்” என்றார்.

எனக்கு அப்பா நினைவுக்கு வந்தார். பன்னிரண்டாவது படிக்கையில், நண்பர்கள் எதிரே அப்பாவிடம் சைக்கிள் சாவி கேட்டேன். “காப்பியா? போடச் சொல்றேன் நைனா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவமானம் தாங்காமல் “செவிட்டு மாடு” என்று கத்தினேன். அதுவும் கேட்காதவர்போல உள்ளே போய்விட்டார்.

அந்தப் பாடம் நடந்த அன்று மாலையே அப்பாவின் பட்டறை முதலாளிக்குக் கடிதம் எழுதினேன். வரைபடம் போட்டு, பள்ளத்தைக் குறித்து, அப்பாவைச் சத்தமில்லாத வேலைக்கு மாற்றும்படி கேட்டிருந்தேன். பத்தொன்பது வயது. தெரிந்துகொண்டதை உடனே பயன்படுத்திவிட வேண்டும் என்ற திமிர். மூன்று மாதம் கழித்துத் தங்கை மல்லிகாவிடமிருந்து கடிதம் வந்தது. காது கேட்காதவனை மிஷினில் நிறுத்திக் கை போனால் யார் பதில் சொல்வது என்று முதலாளி அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். அவள் பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் கம்பெனிக்குப் போகிறாளாம். வேறொன்றும் எழுதவில்லை.

இரண்டு வருடம் கழித்துத்தான் ஊருக்குப் போக முடிந்தது. அப்பா சென்னீர்குப்பத்தில் ஒரு கிடங்குக்கு வாட்ச்மேன். அங்கேயே போய்ப் பார்த்தேன். தொளதொளத்த காக்கிச் சட்டையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பின்னால் லாரி ஹாரன் அடித்தது, அவர் திரும்பவில்லை.

“நான்தாம்பா மொதலாளிக்கு எழுதினேன்.”

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியும்டா. படிச்சிக் காட்னாரு. கரெக்டாதான் எழுதிகீற.”

“மன்னிச்சிருப்பா.”

“காது போய்க்கினு கீதுன்னு எனக்கு அஞ்சாறு வர்சமா தெரியும். மிஷினு அதிர்றத கால்ல புடிச்சிப்பேன். நீ டாக்டர் ஆவுற வரிக்கும் ஓட்டிரலாம்னு பாத்தேன்.” ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டே சொன்னார்: “மல்லிகாதான் மன்சு ஒட்ஞ்சி போய்ட்டா. அவகிட்ட பேசு.”

பேசப் போனேன். மல்லிகா நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த விடுமுறை முழுக்கத் தட்டை என்முன் வைத்துவிட்டு நகர்ந்துபோனாள்.

நான் இங்கேயே மருத்துவனாகிவிட்டேன். வந்து இறங்கிய நாட்டின் பெயர்கூட மாறிவிட்டது. அம்மா இறந்துபோன பிறகு, மாதமொரு ஞாயிறு மதியம் தபால் நிலையத்தின் கண்ணாடிக் கூண்டிலிருந்து கள்ளிக்குப்பத்தில் பக்கத்து வீட்டுக்குப் பேசுவேன். சேதியை அவர்களிடமே சொல்லிவிடலாம். ஆனாலும் அப்பா ரிசீவரைக் கேட்டு வாங்கிக்கொள்வார். நான் கத்துவேன். நான் பேசுவது தெரியாமல் அவரும் பேசிக்கொண்டிருப்பார். போன மாதம் கவுண்டரில் இருந்த பெண் கண்ணாடியைத் தட்டி, “யாரோடு சண்டை?” என்று கேட்டாள். “அப்பா” என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள்.

கத்துவதை நிறுத்தினேன். கண்ணாடிக்கு வெளியே கனத்த கோட்டு போட்டவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள்.

“மழ பேஞ்சிகினு கீதுடா இங்க. நான் பேசறது கேக்குதா?” என்றார் அப்பா. “நல்லா கேக்குதா?”

ரிசீவரைப் பிடித்தபடி தலையை ஆட்டினேன்.